விசில் வேறு, சிரிப்பு வேறு

கேள்வி: எனக்கு 37 வயது. பெரம்பூரில் இருக்கிறேன். ஒரே அண்ணன், பன்னிரண்டு வருடமாக ஷார்ஜாவில் வேலை. நான் பிளஸ் டூ முடித்த சமயத்தில் வந்த ஒரு காமெடிப் படத்தை இருவரும் தியேட்டரில் மூன்று முறை பார்த்தோம். டிவியில் எத்தனை முறை என்று கணக்கே இல்லை. இன்றைக்கும் போனில் நாங்கள் பேசுவதில் பாதி அந்தப் படத்து வசனம்தான். அப்பா இறந்த அன்று ராத்திரி, எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் அதில் ஒரு வரியை என் காதில் சொன்னான். அழுகையோடு சிரித்துவிட்டேன். அப்படிப்பட்ட படம். இத்தனை வருடம் கழித்து அதற்கு இரண்டாம் பாகம் வந்தது. என் பையனுக்கு 11 வயது. அவனையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போனேன். முதல் இருபது நிமிஷம் ஒரே விசில். இடைவேளைக்கு அப்புறம் ஏ.சி. ஓடுகிற சத்தம்தான் கேட்டது. வெளியே வரும்போது பையன் கேட்டான்: "இதுக்காம்மா நீயும் மாமாவும் அப்படிச் சிரிச்சீங்க?" அண்ணனும் அங்கே பார்த்திருக்கிறான். ஆனால் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரமாகிறது, எங்கள் வசனம் எதையும் அவன் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. கோபத்தில் அந்த நடிகரைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மோசமாக எழுதிவிட்டேன். எங்களுக்கு வயதாகிவிட்டதா, இல்லை அவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? பழைய படத்தைப் பையனுக்குப் போட்டுக் காட்டலாமா? அதற்கும் சிரிப்பு வராவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் படத்தின் பெயர் இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன். அதில் வேலை பார்த்த நாலைந்து பேரை எனக்குத் தெரியும், அவர்களும் இதைப் படிப்பார்கள். பெயர் இல்லாமலே உங்களுக்குப் பதில் சொல்ல முடியும். இந்தக் கடிதத்தை வேறு வேறு படங்களின் பெயரைப் போட்டு எத்தனையோ பேர் எழுதியிருக்க முடியும்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். வயதாகிவிட்டதால் உங்களுக்குச் சிரிப்பு வராமல் போகவில்லை. உங்கள் மகனுக்கு 11 வயது. அவனுக்கும் வரவில்லையே. அந்தத் தியேட்டரில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், தாத்தா பாட்டிகளும் இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிருக்கிறது. அப்படியென்றால் கோளாறு திரையில்தான்.

எப்படிக் கோளாறானது என்பதை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். இருபது நிமிஷம் விசில், பிறகு ஏ.சி. சத்தம். முப்பது வருடத்துக்கு மேலாக எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குத் தியேட்டரின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்க்காமல் கூட்டத்தைக் கேட்பது என் வழக்கம். விசில் வேறு, சிரிப்பு வேறு. தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்ததும் கையசைக்கிறோமே, விசில் அந்த மாதிரி. பழைய சட்டை, பழைய நடை, பழைய வசனம் வந்ததும் "இதோ நம்மாளு" என்று அடிக்கிறோம். சிரிப்பு அப்படி வராது. எதிர்பாராத இடத்தில் கால் தடுக்கினால்தான் வரும். கூட்டம் விசில் அடிக்கிறதென்றால் படத்துக்கு வரவேற்புக் கொடுத்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்ட முடியாது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு வெற்றிப்படத்தின் இரண்டாம் பாகத்துக்கு நானே எடிட்டிங் செய்திருக்கிறேன். சாலிகிராமத்தில் ஒரு சின்ன அறையில் நாலு மாதம். ரஷ், அதாவது இன்னும் வெட்டாத காட்சிகளை, பார்க்கும்போதே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஒவ்வொரு காட்சியிலும் நடிகர்கள் முதல் படத்தில் செய்ததைத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். முதல் படத்தில் அந்த ஆள் ஏன் தலையைச் சொறிந்தான் என்றால், பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் படத்தில் அவன் தலையைச் சொறிந்ததற்குக் காரணம், முதல் படத்தில் சொறிந்தான் என்பது மட்டும்தான். சிரிப்பு போதவில்லை என்று பழைய பின்னணி இசையை அங்கங்கே ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். பழைய படத்தின் துண்டுகளையே ஃபிளாஷ்பேக்காகப் போடச் சொன்னார்கள். போட்டேன். வாய் திறந்து "இது நடக்காது சார்" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபோது கேட்டதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு தொழில் விஷயம். நான் உதவியாளனாகச் சேர்ந்த காலத்தில் ஸ்டீன்பெக் என்ற எடிட்டிங் மேசையில் ஃபிலிமைக் கையால் தொட்டு வெட்டுவோம். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். காமெடிக் காட்சியில் எட்டு ஃப்ரேம், அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்கு, கூடினாலும் குறைந்தாலும் காட்சி செத்துவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், ஒரு ஜோக் முடிந்ததும் அடுத்த வசனத்தை உடனே ஒட்ட விடமாட்டார். "ஜனம் சிரிக்க இடம் விடுடா" என்பார். தியேட்டர் முழுக்கச் சிரிக்கும்போது அடுத்த வசனம் வந்தால் அது யார் காதிலும் விழாது. அதனால் நடிகர் திரும்பிப் பார்ப்பது, துண்டை உதறுவது, பக்கத்து ஆளின் முகம் என்று எதையாவது வைத்து இரண்டு, மூன்று நொடி இடம் விடுவோம். இப்போது யோசித்துப் பாருங்கள். சிரிப்பு வரும் என்று நம்பி இடம் விட்டாயிற்று, சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று நொடி பள்ளமாகிவிடும். நடிகர் திரையில் காத்திருக்கிறார், நாம் இருட்டில் காத்திருக்கிறோம், நடுவில் ஒன்றுமில்லை. "படம் லேக்" என்று வெளியே வந்து சொல்கிறோமே, பாதி நேரம் இந்தப் பள்ளங்களைத்தான் சொல்கிறோம். இரண்டாம் பாகங்களில் இது அதிகம். சிரிப்பு நிச்சயம் என்ற நம்பிக்கையில் பெரிய பெரிய இடமாக விட்டுவிடுகிறார்கள்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பழைய படத்தை, பெயர் போடுவதிலிருந்து வணக்கம் வரை, முழுதாகக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பெரும்பாலும் தியேட்டரில் பார்த்த அந்த மூன்று முறைதான் இருக்கும். அதற்குப் பிறகு நாம் எல்லோரும் பார்த்தது துண்டுகளை. ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி இருபத்துநான்கு மணி நேரமும் காமெடி போடும் சேனல்கள் வந்த பிறகு, படத்திலிருந்து அந்த ஐந்து நிமிஷம், இந்த எட்டு நிமிஷம் என்று சிரிப்பை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார்கள். பிறகு யூடியூப், பிறகு மீம். 2001-ல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதம் உலகமே பிரார்த்தனை செய்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு ட்வீட் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தின் கதையைச் சொல்லியிருப்பார்கள்? துண்டு தனியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. படம் எங்கேயோ இருக்கிறது.

உங்கள் படத்திலும் சுமாரான பாட்டு இருந்தது. ஒட்டாத காதல் இருந்தது. கடைசிச் சண்டை நீளம். (எனக்குத் தெரியும், அந்த வருடம் நானும் பார்த்தேன்.) அவையெல்லாம் உங்கள் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது முப்பது நிமிஷத் தங்கம். அந்த முப்பது நிமிஷத்தை நூறு தடவை பார்த்திருக்கிறீர்கள். இரண்டாம் பாகத்தை முழுதாக ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள், உதிராத உமியோடு சேர்த்து. இந்தப் போட்டியில் எந்தப் படமும் ஜெயிக்காது. நல்ல இரண்டாம் பாகமாக இருந்தாலும் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்திருக்கும். வந்தது நல்ல படமும் இல்லை என்பது வேறு விஷயம்.

வருத்தம் என்னவென்றால், படம் எடுக்கிறவர்களும் இப்போது துண்டுகளைத்தான் பார்க்கிறார்கள். எந்தக் காட்சிக்கு எத்தனை வியூஸ், எந்த வசனம் டீ-ஷர்ட்டில் வந்தது என்று பார்த்து, அவற்றையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்துப் படம் என்கிறார்கள். நம் சினிமாவில் காமெடி டிராக்கைத் தனியாக எழுதி, தனியாகப் படம்பிடித்து, படத்தின் நடுவே செருகுவது பழைய வழக்கம். ஏ.வீரப்பன் கவுண்டமணி - செந்திலுக்கு அப்படித்தான் எழுதினார். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்', 1989-ல் 'கரகாட்டக்காரன்' என்று அவர் எழுதிய டிராக்குகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி ஒரு ஊர் இருந்தது. கண்ணீர் விடும் கதாநாயகி இருந்தாள், இளையராஜா இருந்தார், சோகமும் சண்டையும் இருந்தன. கனமான காட்சி முடிந்து மூச்சு விட வேண்டிய இடத்தில் அந்த இருவரும் வந்தார்கள். அந்தக் கனத்தை எடுத்துவிட்டு, வந்தவர்களை மட்டும் இரண்டரை மணி நேரம் நிறுத்தினால் அவர்களுக்குமே என்ன செய்வதென்று தெரியாது. சாப்பாட்டில் ஊறுகாய் பிரமாதம் என்பதற்காக இலை நிறைய ஊறுகாயைப் பரிமாறலாமா?

வடிவேலுவின் நாய் சேகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் சுராஜ் இயக்கிய 'தலைநகரம்' படத்தில் சில காட்சிகள்தான் அவர் வந்தார். கதை நாயகனாக நடித்த சுந்தர் சி-யைச் சுற்றியது. நிஜ ரவுடிகள் நடமாடும் அந்தக் கதைக்குள், தானும் பெரிய ரவுடி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவர். நிஜ ஆபத்து பக்கத்தில் இருப்பதால்தான் அவரது வீராப்பு சிரிப்பாகிறது. பதினாறு வருடம் கழித்து, 2022 டிசம்பரில், அதே சுராஜ் இயக்கத்தில் நாய் சேகர் முழுப்படத்தின் நாயகனாகத் திரும்பி வந்தார். ஜனம் அன்போடுதான் போனது. அந்த நடிகர் நடுவில் சில வருடங்கள் படமே இல்லாமல் இருந்தவர்; அவரைத் திரும்பப் பார்த்ததே போதும் என்று சொன்னவர்கள் என் தெருவிலேயே உண்டு. ஆனால் சிரிப்பு பழைய அளவுக்கு வரவில்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். காமெடியன் சின்ன ஆளாக இருக்க வேண்டும். அடி வாங்க வேண்டும், ஏமாற வேண்டும், தன்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் பாகம் வருவதற்குள் அந்தப் பாத்திரம் ஊரே கொண்டாடும் பெரிய மனிதராகிவிடுகிறது. பெரிய மனிதரை யார் அடிப்பது? அவருக்கு அறிமுகக் காட்சி வைக்கிறார்கள், மெதுவாக நடக்க வைக்கிறார்கள். தான் வேடிக்கையான ஆள் என்பது திரையில் இருப்பவருக்கே தெரிந்துவிட்டது. அங்கேயே முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது என் மனதுக்கு ரொம்ப நெருக்கமானது, கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் காமெடியனைப் பார்த்துச் சிரிப்பதாக நினைக்கிறோம். எடிட்டிங் மேசையில் தெரியும் உண்மை வேறு. சிரிப்பு வெடிப்பது பெரும்பாலும் பக்கத்து ஆளின் முகத்துக்கு வெட்டும்போதுதான். ரியாக்ஷன் என்போம். 'கண்ணும் கண்ணும்' (2008) படத்தில் கிணற்றைக் காணோம் என்று போலீஸில் புகார் கொடுக்கும் காட்சி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். வடிவேலு அதில் நிதானமாகத்தான் பேசுகிறார், கையில் ரசீதோடு. அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது நெல்லை சிவாவின் இன்ஸ்பெக்டர். அவர் அதை நம்புகிறார் பாருங்கள். கிணறு நிஜமாகவே காணாமல் போய்விட்டதே, இனி நான் என்ன செய்வேன் என்று அந்த முகம் தவிக்கிறது. அந்த முகம் இல்லாவிட்டால் அது வெறும் ஒரு துணுக்கு.

நெல்லை சிவா 2021-ல் போய்விட்டார். அல்வா வாசு 2017-ல், கிருஷ்ணமூர்த்தி 2019-ல், போண்டா மணி 2023 கடைசியில். மனோபாலாவும் மயில்சாமியும் அதே 2023-ல். சாலிகிராமம், விருகம்பாக்கம் டீக்கடைகளில் இவர்களில் சிலரைத் தினமும் பார்த்திருக்கிறேன். போஸ்டரில் பெயர் வராது, சம்பளம் சொற்பம். ஆனால் பெரிய நடிகர் ஒரு வசனத்தைத் தூக்கிப் போட்டால் அதை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். வருடக்கணக்கில் ஒன்றாக வேலை பார்த்து வந்த பழக்கம் அது. பதினைந்து, இருபது வருடம் கழித்து இரண்டாம் பாகம் எடுக்க வருகிறவர்களிடம் நாயகன் இருப்பார், தலைப்பு இருக்கும், இசை உரிமை இருக்கும். பிடிக்கிற கைகள் இருக்காது. புது ஆட்கள் வசனத்தைச் சரியாகத்தான் சொல்வார்கள், ஆனால் பழைய வசனத்தைக் கேட்டதும் அவர்கள் கண்ணிலேயே ஒரு ரசிகனின் பூரிப்பு தெரியும். கிணற்றுக்காகத் தவிக்கும் இன்ஸ்பெக்டர் அங்கே கிடைக்கமாட்டார். உங்கள் படத்தின் முதல் பாகத்தில் டீக்கடைக்காரராக வந்தவரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள், ஆனால் உங்கள் சிரிப்பு கவனித்துவிட்டது.

எல்லா இரண்டாம் பாகமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. 2007-ல் வந்த 'சென்னை 600028' பசங்களை வெங்கட் பிரபு 2016-ல் திரும்பக் கூட்டிவந்தபோது அவர்களுக்கு வயதாக அனுமதித்தார். தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள், இப்போது ஆட வேண்டுமென்றால் பெண்டாட்டியிடம் பயப்பட வேண்டியிருக்கிறது. அது புதுச் சங்கடம், அதனால் புதுச் சிரிப்பு. மலையாளத்தில் 1989-ல் சித்திக் - லால் எடுத்த 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்', தமிழில் 'அரங்கேற்ற வேளை'யாகவும், 2000-ல் இந்தியில் 'ஹேரா பேரி'யாகவும் வந்தது. பணமில்லாத மூன்று பேருக்குத் தப்பாக வந்த ஒரு போன்கால்தான் கதை. இந்தியில் 2006-ல் அதன் இரண்டாம் பாகம் எடுத்தபோது, கையில் பணத்தோடு இருந்த அந்த மூவரையும் முதல் வேலையாக அதையெல்லாம் தொலைக்க வைத்துத் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். இவர்கள் சங்கடத்தில் இருந்தால்தான் படம் நடக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த காரியம்.

இடையில் ஒன்று. 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' 2006-ல் வந்தது. 24-ம் புலிகேசியை 2017-ல் தொடங்கினார்கள், தகராறில் நின்றது, வராமலே போய்விட்டது. இன்றும் என்னைச் சினிமாக்காரன் என்று தெரிந்த ஆட்டோ ஓட்டுநர்கள் கேட்கிறார்கள், அது எப்ப சார் வரும் என்று. அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த 24-ம் புலிகேசியைப் போல ஒரு காமெடிப் படம் தமிழில் எடுக்கப்பட்டதே இல்லை.

சரி, ஏமாற்றினார்களா என்று கேட்டீர்கள். டிக்கெட் விற்றவர்களுக்கு உங்கள் பாசத்தின் விலை தெரிந்திருந்தது, அது உண்மை. கதை தயாராவதற்கு முன்னாலேயே தலைப்பை விற்றுவிடும் வியாபாரம் இருக்கிறது, அதுவும் உண்மை. அதன்மேல் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம், குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் செட்டில் இருந்த யாரும், இவர்களை ஏமாற்றுவோம் என்று காலையில் கிளம்பி வந்திருக்கமாட்டார்கள். நான் அந்த அறையில் இருந்தவன். எல்லோருக்கும் பயம்தான் இருந்தது. பயத்தில் பழையதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

அந்த ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகப் போயிருக்கும். ஆனால் அதில் என்ன எழுதினீர்கள் என்பதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். படம் மோசம், கதை இல்லை, காசு வீண் என்பதெல்லாம் உங்கள் உரிமை. அவருடைய வயதையும் தளர்ந்த உடம்பையும் பற்றி எழுதியது சரியில்லை, தங்கச்சி. உங்கள் அப்பா இறந்த இரவில் உங்களைச் சிரிக்கவைத்த வரி அந்த உடம்பிலிருந்து வந்ததுதான். பார்த்தவர்களில் யாராவது அதை எடுத்துப் பரப்பியிருந்தால், நீக்கச் சொல்லுங்கள்.

பையனுக்குப் பழைய படத்தைப் போட்டுக் காட்டுங்கள். துண்டாக வேண்டாம், முழுப்படம். சுமார் பாட்டையும் தாண்டி ஓட்டாதீர்கள். ஓட்டினால் அவனும் துண்டுதான் பார்ப்பான். போனில் வேண்டாம், வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். தனியாக உட்கார்ந்தவனுக்குப் பாதிச் சிரிப்புதான் வரும். "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று சொல்லக் கூடாது. இது ரொம்ப முக்கியம். காட்சி வரும்போது அவன் முகத்தையும் பார்க்கக் கூடாது. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் நமக்காகச் சிரிப்பார்கள், அல்லது வீம்புக்குச் சிரிக்கமாட்டார்கள். நீங்கள் திரையைப் பார்த்து உங்களுக்கு வருகிறபடி சிரியுங்கள். உங்களுக்குப் பிடித்த இடத்தில் அவன் சும்மா இருக்கலாம், நீங்கள் இத்தனை வருடமாகக் கவனிக்காத ஏதோ ஒரு மூலையில், அந்த டீக்கடைக்காரர் பாலை ஊற்றும் அழகில், விழுந்து புரளலாம். சில ஜோக்குகள் உங்களுக்கே இன்று கூசும். நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யும் இடங்கள் அந்தக் காலப் படங்களில் நிறைய உண்டு. கூசினால் கூசட்டும், அவனிடம் மறைக்க வேண்டாம். சிரிப்பே வரவில்லை என்றாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்கும் ஒன்றும் ஆகாது. அவனுக்கென்று ஒரு படம் வரும்.

கடைசியாக அண்ணன். கடிதம் முழுக்க நீங்கள் படத்தைப் பற்றி எழுதியிருந்தாலும், எனக்குக் கேட்டது அந்த மூன்று வார அமைதிதான். அவரும் உங்களைப் போலவே உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். பழைய வரியைச் சொன்னால் தங்கைக்குப் புதுப் படம் நினைவுக்கு வந்துவிடுமோ என்று தயங்குவார். நீங்களும் அதையே நினைத்து இங்கே சும்மா இருக்கிறீர்கள். அப்பா போன அன்று அவர் உங்கள் காதில் சொன்ன வரியை எழுதிய வசனகர்த்தாவுக்கு, அது அப்படி ஒரு இரவில், அப்படி ஒரு வீட்டில் பயன்படும் என்று தெரியாது. அந்த இடத்தில் வெட்டி ஒட்டியது உங்கள் அண்ணன். எட்டு ஃப்ரேம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அது எந்தத் தயாரிப்பாளரிடமும் உரிமை இல்லாத காட்சி, அதற்கு யாரும் இரண்டாம் பாகம் எடுக்க முடியாது.

ஷார்ஜாவில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இரவு பத்தரைக்குக் கூப்பிட்டால் அவருக்கு ஒன்பது மணி. வேலை முடித்துச் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். படம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். தியேட்டர் வாசலில் உங்கள் மகன் கேட்டதை அப்படியே, அவன் கேட்ட தொனியிலேயே சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். மாமா என்ன பதில் சொல்கிறார் என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.